ராஜபார்ட்டின் மகமல் கோட்டு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அரங்கில் நாங்கள் போட்ட நாடகம் அது. ராஜராஜ சோழனைப் பற்றியது. நடித்தவர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒத்திகைக்கு வருபவர்கள். உடைப் பொறுப்பு என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தையல் அம்மாவிடம் கற்றது. பதினைந்து வருடமாகப் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு உடை தைத்துக் கொடுத்த தைரியத்தில் இதையும் ஏற்றுக்கொண்டேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சுற்றிய நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். அந்த ஓவியங்களில் ராஜராஜன் என்று பொதுவாக அடையாளம் காட்டப்படும் உருவத்துக்கு மேல்சட்டை கிடையாது. முடியை அள்ளி முடிந்திருக்கிறார். கழுத்திலும் கையிலும் அணிகள் உண்டு. அவ்வளவுதான். நானும் அப்படியே செய்தேன். நல்ல பருத்தி வேட்டி, இடுப்புக் கச்சை, கழுத்தணி, தோள்வளை. வெல்வெட் இல்லை, ஜிகினா இல்லை. எனக்குள் ஒரு பெருமை.

திரை விலகியது. ராஜராஜன் நடந்து வந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன், “ராஜா குளிக்கப் போறாரா?” என்றான். அரங்கமே சிரித்தது. எங்கள் நடிகர் நல்ல குரல்வளம் உள்ளவர், ஒத்திகையில் சிங்கம் மாதிரி இருந்தவர். அந்தக் காட்சி முழுக்க இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு வசனம் பேசினார். மழையில் நனைந்தவர் மாதிரி இருந்தது.

நாடகம் முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்து நின்றார். கிள்ளானில் தையல்கடை வைத்திருந்தவர். “டீச்சர், நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல வரல. ஆனா ராஜாவுக்குன்னு ஒரு சட்டை இருக்கு. அது இல்லாம ஜனங்களுக்கு அவரு ராஜாவா தெரிய மாட்டாரு. ஒருநா கிள்ளானுக்கு வாங்க, காட்டுறேன்” என்றார்.

நான் போனேன். லிட்டில் இந்தியா என்று இப்போது எல்லாரும் சொல்லும் ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவர் வீடு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அந்துருண்டை வாசனை. மேலே பழைய ‘தமிழ் நேசன்’ தாள்கள். அதற்கு அடியில் அந்தக் கோட்டு.

கரும்சிவப்பு மகமல். வெல்வெட்டை அவர் மகமல் என்றுதான் சொன்னார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே முடிகிற நீளம். கழுத்தைச் சுற்றியும் முன்திறப்பிலும் கைமுனையிலும் சரிகைப் பட்டை. மார்பில் சம்கி வைத்துக் கொடிப்பூ. தோளில் பட்டாளத்து அதிகாரிகளுக்கு இருப்பது மாதிரி குஞ்சம். முதுகுப் பக்கம் தையல் இல்லை. மேலிருந்து கீழே வரை பிளந்து, கட்டுவதற்கு நாடா. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். லைனிங், கோதுமை மாவு மூட்டைத் துணி. வெளுத்துப்போன எழுத்துகள் இன்னும் தெரிந்தன. “ஜப்பான்காரன் காலத்துல துணி ஏது? அப்பா மூட்டையைப் பிரிச்சு வெச்சுத் தச்சாரு” என்றார். கழுத்துப்பட்டைக்கு உள்ளே பென்சிலில் நான்கு பெயர்கள். இந்தக் கோட்டைப் போட்டு ராஜபார்ட் நடித்தவர்கள்.

அந்த நான்கு பேரும் நான்கு விதமான உடம்புக்காரர்களாக இருந்திருப்பார்கள். அதற்காகத்தான் முதுகில் நாடா. ஐரோப்பிய ஓபரா அரங்குகளின் உடைக் கிடங்குகளிலும் இதே வழக்கம் உண்டு. தையலுக்குள் நிறைய துணி மடித்து விட்டிருப்பார்கள், அடுத்த பாடகருக்குப் பிரித்துப் பெரிதாக்க. உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாடகர்களின் பெயர்ச்சீட்டுகள் தைத்திருக்கும். பணம் போட்டுத் தைத்த உடை ஒரு உடம்போடு முடிந்துவிடக் கூடாது என்பது உலகம் முழுக்க ஒரே கணக்குதான்.

அந்தக் கோட்டு என்னை விடவில்லை. சோழனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரிகிறது. பிறகு அது யாருடைய சட்டை?

தேடிப் போனால் பம்பாய்க்கு வருகிறோம். 1868இல் அங்கே விக்டோரியா நாடகக் கம்பெனி தொடங்கப்பட்டது. பார்சிகள் முதலாளிகள்; கதைகள் பாரசீகம், இந்துப் புராணம், ஷேக்ஸ்பியர் என்று எங்கிருந்தும் வரும். மேடைக்கு ஐரோப்பிய முறையில் ஓவியத் திரைகள். உடையும் அப்படியே ஒரு கலவை. முகலாய, மராட்டிய அரண்மனைகளின் அங்கி, பிரிட்டிஷ் ராணுவச் சட்டையின் குஞ்சமும் பட்டையும், விக்டோரியா காலத்து மகமல். எந்த நாட்டு ராஜாவுக்கும் பொருந்துகிற, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு சட்டை. தெற்கே அரசர்கள் தைத்த சட்டையே போட்டதில்லை என்று சொல்ல முடியாது. விஜயநகர அரசவையில் மேற்காசியப் பாணி அங்கியும் உயர்ந்த குல்லாயும் வழக்கத்தில் இருந்தன. ஆனால் நம் மேடை ராஜா அங்கிருந்து நேராக நடந்து வரவில்லை. பம்பாய் வழியாகச் சுற்றித்தான் வந்தார்.

பார்சி கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. சென்னைக்கு வந்தன. கடல் தாண்டி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அவர்களின் புகழ்பெற்ற நாடகங்களில் ஒன்று ‘இந்தர் சபா’. 1850களில் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் எழுதியது. அதில் இந்திரன் சபையில் ஆடும் தேவதைகளுக்குப் பெயரே நிறத்தை வைத்துத்தான்: பச்சைப் பரி, சிவப்புப் பரி, புஷ்பராகப் பரி, நீலப் பரி. மொழி புரியாத ஊரிலும் உடையின் நிறத்தைப் பார்த்தே யார் யார் என்று தெரிந்துவிடும். கடல் கடந்து போகிற நாடகத்துக்கு உடைதான் பாதி மொழி.

பினாங்கில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே வந்த பார்சி கம்பெனி ஒன்று ஊர் திரும்பும் முன் தன் உடைகளையும் மேடைச் சாமான்களையும் விற்றுவிட்டுப் போனது, அவற்றை வாங்கியவர் மாமாக் புஷி என்று பங்சாவானின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவரும் அவருடைய மருமகன் பாய் காசிமும் 1885இல் ‘புஷி இந்திரா பங்சாவான்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மலாய் ஓபரா என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட பங்சாவான் இப்படித்தான் ஆரம்பித்தது. அதன் முதல் காலத்துப் பெயரே ‘திருவான் வாயாங் பார்சி’, அதாவது பார்சி நாடகத்தைப் பார்த்துச் செய்தது. ஒரு நாட்டின் ஓபரா மரபு, போகிறவர்கள் விற்றுவிட்டுப் போன துணிப்பெட்டியோடு தொடங்குகிறது. பிறகு அந்த மேடையில் மலாய் அரசர்கள் வந்தார்கள், அரபுக் கதைகள் வந்தன, ஹாம்லெட்டும் வந்தான்.

தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் அதே சட்டை தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், வெனிஸ் வணிகனை ‘வாணிபுர வணிகன்’ ஆக்கினார். மறுபக்கம் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். இந்த நாடகக் கம்பெனிகளில் நடிகர்களைக் கதாபாத்திரத்தின் பெயரால் பிரிப்பதில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். ராஜபார்ட்காரர் இன்றைக்கு நளன், நாளைக்கு அரிச்சந்திரன், மறுநாள் அர்ச்சுனன். ஆள் ஒன்று, கோட்டு ஒன்று. ‘பார்ட்’ என்பது ஒரு விதத்தில் சட்டையின் பெயர்தான்.

இவ்வளவையும் நான் கிள்ளான் ஐயாவிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “எல்லாம் சரி டீச்சர். மகமலு எதுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து ஜன்னலை மூடினார். அறை இருட்டானது. கைப்பேசியின் விளக்கைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தார். துணி காணாமல் போனது. சரிகையும் சம்கியும் மட்டும் மிதந்தன. “தோட்டத்துல கரண்டு ஏது? பெட்ரோமாக்ஸ் ரெண்டு. ஜனங்க அங்க கடைசியில லயத்து வாசல் வரைக்கும் உக்காந்திருப்பாங்க. மகமலு வெளிச்சத்த முழுங்கிரும். சரிக வெளிச்சத்தத் துப்பும். அம்பது கஜத்துல இருக்குறவனுக்கும் ராஜா கைய தூக்குனா தெரியணும்ல?”

வருடக்கணக்காக உடை தைத்த எனக்கு இது உறைக்கவே இல்லை. உடையை நான் புத்தகத்தில் பார்த்தேன். அவர் விளக்கில் பார்த்தார்.

அதற்கு முன்னால் தெருக்கூத்திலும் கணக்கு இதுதான். எண்ணெய்ப் பந்தத்தின் வெளிச்சத்தில் ஆடுகிற கூத்துக்காரர்களுக்குக் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி கனமில்லாத மரத்தில் செதுக்கி, மேலே கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியிருப்பார்கள். ஆடுகிறவன் அசைந்தால் நூறு தீப்பொறி. முகத்தில் அரிதாரம் பூசுவதும் அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்ணும் வாயும் தெரிவதற்காகத்தான். கூத்துக்குக் கண்ணாடி, கம்பெனி நாடகத்துக்குச் சம்கி. விளக்கு மாறும்போதெல்லாம் உடையும் மாறியிருக்கிறது. நாங்கள் நாடகம் போட்ட அரங்கிலோ எல்.இ.டி. விளக்கு. அதில் மகமல் அழுக்காகவும் சம்கி மலிவாகவும் தெரியும். ஆனால் அதே விளக்கு ஒரு மனிதனின் வெற்று மார்பையும் இரக்கமே இல்லாமல் காட்டும். என் ராஜராஜன் கூச்சப்பட்டதற்கு அந்த வெள்ளை வெளிச்சமும் ஒரு காரணம். ஓவியத்தைப் பார்த்து உடையை எடுத்த நான், அந்த ஓவியம் இருப்பது வெளிச்சம் குறைந்த ஒரு நடையில் என்பதை யோசிக்கவில்லை.

எனக்கு நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1823இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் சார்லஸ் கெம்பிள், ஷேக்ஸ்பியரின் ‘கிங் ஜான்’ நாடகத்தைப் போட்டார். அதுவரை அங்கும் பழைய ராஜாக்களை ஏறத்தாழ மனம்போன உடையில்தான் நிறுத்துவார்கள். ஜே.ஆர். பிளாஞ்சே என்ற இளைஞர், கல்லறைச் சிற்பங்களையும் பழைய முத்திரைகளையும் ஏடுகளையும் பார்த்து, அந்த அரசனின் காலத்து உடையையே வரைந்து கொடுத்தார். நடிகர்களுக்கு நம்பிக்கையே இல்லை. ஜனங்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உடையை மாட்டினார்களாம். திரை எழுந்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல். ஐரோப்பிய மேடையில் வரலாற்றுக்கு உண்மையான உடை என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்த இரவுக்குப் பெரிய பங்குண்டு.

பிளாஞ்சேவுக்குக் கைதட்டல், எனக்குச் சிரிப்பு. ஏன்? கொஞ்ச நாள் யோசித்தபின் ஒரு விடை கிடைத்தது. அவர் ராஜாவிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஒரு பகட்டுக்குப் பதில் இன்னொரு பகட்டு, வெறும் துணிக்குப் பதில் இரும்புக் கவசம் கொடுத்தார். நான் எடுத்துவிட்டேன். அதுவும் யாரிடமிருந்து எடுத்தேன்? மேல்சட்டை இல்லாமல் வெயிலில் உழைத்ததையும், துரைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதையும் இன்னும் மறக்காத ஒரு சமூகத்திடமிருந்து. எங்கள் தாத்தா படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தோட்டத்தில் எடுத்தது அல்ல; டவுனில் ஸ்டூடியோவில், இரவல் கோட்டுப் போட்டு எடுத்தது. அவருக்குக் கோட்டு என்றால் என்ன என்று அந்தப் படம் சொல்கிறது. தஞ்சை ஓவியம் அதைச் சொல்லாது.

ஆனால் இதை இங்கேயே நிறுத்தி, ‘ஆகவே மகமலே நம் மரபு’ என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

எங்கள் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி வந்தால் நாலு கட்டபொம்மன் நிச்சயம். அந்த உடை எங்கிருந்து வந்தது? 1957இல் சேலத்தில் அரங்கேறிய சக்தி கிருஷ்ணசாமியின் நாடகத்திலிருந்து, அதைவிட முக்கியமாக 1959இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் போட்ட உடையிலிருந்து. பிள்ளைகளுக்கு அதுதான் கட்டபொம்மன். அடுத்து ராஜேந்திர சோழன் வேடம் போட்ட பையன் வருவான். அதே மகமல், அட்டைக் கிரீடம், அட்டை வாள். ‘கடாரம் கொண்டான்’ என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கைதட்டல் பறக்கும். 1025இல் ராஜேந்திரனின் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்ததையும் கடாரத்தைத் தாக்கியதையும் தஞ்சைக் கல்வெட்டு பட்டியலிட்டுச் சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. நாம் இன்று குடியிருக்கும் நாட்டின் ஒரு மாநிலம். அதைத் தாக்கிய பெருமையை மகமல் போட்டு மேடையேற்றும்போது, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும் என்று நாம் யோசிப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் போட்டிருக்கும் கோட்டும் பங்சாவான் மேடையில் மலாய் சுல்தான் போட்டுக்கொண்ட கோட்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. வென்றவன் தோற்றவன் என்று நாம் பிரித்து நிறுத்துகிற இருவரும் ஒரே தையல்காரனிடம் அளவு கொடுத்தவர்கள். நம் பழம்பெருமை என்று நினைத்து நாம் போட்டுக்கொள்கிற சட்டை உண்மையில் ஒரு துறைமுகத்துச் சட்டை. பார்சி முதலாளி, மாமாக் வியாபாரி, மலாய் நடிகை, தமிழ்த் தையல்காரர் என்று பல கை பட்டது. அதைப் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ‘இது ஆயிரம் வருஷம்’ என்று சொல்வதில்தான் மறுப்பு.

அப்படியானால் அந்தக் கோட்டு எந்த நாடகத்துக்குச் சொந்தம்? இதற்கும் ஐயாவே வழி சொன்னார். கோட்டை மடித்து வைத்துக்கொண்டே, “அப்பா காலத்துல இதுக்கு அரிச்சந்திரன்தான். மயான காண்டம் போட்டா தோட்டமே அழும்” என்றார்.

அரிச்சந்திரன் கதையில் உடைதான் கதை. முதல் காட்சிகளில் அவன் அயோத்தி அரசன், மகமலும் கிரீடமுமாக. விசுவாமித்திரருக்கு நாட்டைக் கொடுக்கிறான், கிரீடத்தைக் கொடுக்கிறான். மனைவியையும் மகனையும் விற்கிறான். கடைசியில் தன்னையே வீரபாகுவிடம் விற்றுச் சுடுகாட்டில் நிற்கிறான், கையில் ஒரு கோல், தோளில் ஒரு கறுப்புக் கம்பளி. இறந்துபோன மகனைத் தூக்கிக்கொண்டு வரும் மனைவியிடம் வாய்க்கரிசியும் முழத்துண்டும் கேட்கிறான். மேடையில் முதலில் மகமல் இல்லையென்றால் கடைசியில் கம்பளிக்கு அர்த்தமே இல்லை. கழற்றுவதற்காகவே தைத்த கோட்டு அது.

கடனுக்குத் தன்னை எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்த நாடகம் இது. ஒப்பந்தம், கங்காணிக் கடன், முன்பணம் என்று எத்தனையோ பெயர்களில் தாங்களும் விற்கப்பட்டவர்கள். ராஜாவே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூலிக்கு நிற்பதைப் பார்த்தபோது அவர்கள் எதற்காக அழுதிருப்பார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நாங்கள் மயான காண்டம் போட்டோம். ஐயா அந்தக் கோட்டை இரவல் கொடுத்தார். நாடாக்கள் இற்றுப்போயிருந்தன, மாற்றினேன். மகமலைத் துவைக்க முடியாது. உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயவைத்து, அக்குளில் ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தேன். விளக்குக்காரரிடம் சண்டை போட்டு வெள்ளை விளக்கைக் குறைத்து, மஞ்சளில் இரண்டே விளக்கு வைக்கச் சொன்னேன். ராஜபார்ட் அதே நடிகர்தான். போன முறை மார்பை மறைத்துக்கொண்டு நின்றவர். கோட்டைப் போட்டதும் நடையே மாறியது.

விசுவாமித்திரர் காட்சியில் அவர் முதுகைத் திருப்பி நின்றார். சந்திரமதி ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்தாள். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. கோட்டை மடித்து முனிவர் கையில் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். வெற்று மார்பு. முந்தைய ஆண்டு சிரித்த அதே மாதிரி ஒரு மார்பு. யாரும் சிரிக்கவில்லை.

ராஜராஜன் நாடகத்தை மறுபடியும் போடுவேன். சட்டை இல்லாமல்தான் போடுவேன். ஆனால் அரங்க வாசலில் தஞ்சை ஓவியத்தின் படத்தைப் பெரிதாக வைப்பேன். விளக்கை முதலில் பேசி முடிப்பேன். அணிகளைக் கடைசி வரிசைக்குத் தெரியும் அளவுக்குச் செய்வேன். ஜனங்களிடமிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதை இப்போது கற்றிருக்கிறேன்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிள்ளானுக்குப் போனேன். ஐயா அதை விரித்து, சரிகையில் எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பேரை எழுதுங்க டீச்சர். அஞ்சாவது.”

கழுத்துப்பட்டைக்கு உள்ளே, நான்கு பெயர்களுக்குக் கீழே இடம் இருந்தது. எங்கள் நடிகரின் பெயரை எழுதினேன்.